வாகையும் பாடாணும்

புறத்திணைகளுள் வாகை, பாடாண் என்னும் இரண்டையும் ஒன்றெனக் கருதும் மாணவர் பலர். பாடாண், பாடப்படுவோனின் புகழையும் ஆற்றலையும் கொடையையும் ஏத்துவது. வாகையோ, தொல்காப்பியர் வகுத்தவாறு, போர்க்கள வெற்றியோடு நில்லாமல், ஒவ்வொருவரும் தத்தம் துறையில் பிறரினும் மேம்பட்டு நிற்றலையும் கூறுவது. முன்னது ஆளைப் போற்றும். பின்னது செயலைக் காட்டும். இவ்வேறுபாட்டை அளவுகோலாகக் கொண்டு, நம் நாட்டின் விளையாட்டு வெற்றிகளைப் பற்றி நாம் எழுதியும் மாணவரை எழுதச் செய்தும் வரும் கட்டுரை, கவிதைகளை ஈண்டுச் சிறிது ஆராய்வோம்.

நம் நாடு சிறியது. அதன் வெற்றிகள் சிறியன அல்ல. விடுதலைக்கு எட்டாண்டுகள் முன்னரே, 1949இல், மலாயா முதல் தாமஸ் கிண்ணத்தை வென்றது. 1952, 1955, 1967, 1992 ஆகிய ஆண்டுகளிலும் அக்கிண்ணம் நம் நாட்டிற்கே வந்தது. ஒலிம்பிக்கில் நம் முதல் பதக்கம் 1992இல் பார்சிலோனாவில் கிடைத்தது. 2024 பாரிஸ் போட்டி வரையிலும் ஒலிம்பிக் தங்கம் நமக்குக் கிட்டவில்லை என்பதும் வரலாறே.

இவ்வரலாற்றில் தமிழர் பங்கு தனியே குறிக்கத்தக்கது. எம். ஜெகதீசன் 1962இல் ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் 200 மீட்டர் ஓட்டத்தில் தங்கம் வென்றார்; 1966இல் பேங்காக்கில் 100 மீட்டர், 200 மீட்டர், 4×100 மீட்டர் அஞ்சலோட்டம் ஆகிய மூன்றிலும் தங்கம் கண்டார். அதே களத்தில் எம். ராஜாமணி பெண்களுக்கான 400 மீட்டர் ஓட்டத்தில் முதல்வராக வந்தார். ஜி. சரவணன் 1998இல் கோலாலம்பூர் காமன்வெல்த் போட்டியில் 50 கிலோமீட்டர் நடையில் தங்கம் பெற்றார். 2022 காமன்வெல்த் போட்டியில் எம். தீனா, பெர்லி டானுடன் இணைந்து பூப்பந்து இரட்டையரில் வாகை சூடினார்.

இவர்களைப் பற்றி நாம் எழுதியவை எத்தகையவை? ஆண்டு விழா மலர்களையும் மாணவர் கட்டுரை ஏடுகளையும் புரட்டினால் ஒரே வாய்பாடு தென்படும். ஓடியவர் மின்னல், வென்றவர் சிங்கம், வெற்றிக்குக் காரணம் வீரப் பரம்பரை. இவற்றைத் தேர ஓர் எளிய வழியுண்டு. கவிதையிலுள்ள பெயரை நீக்கிவிட்டு வேறொரு பெயரை எழுதிப் பாருங்கள். ஓரடியும் மாறாமல் அது பொருந்துமாயின், அக்கவிதை எவரையும் பற்றியதன்று. நான்கு மணி நேரத்திற்கும் மேலாக வெயிலில் நடந்து 50 கிலோமீட்டரைக் கடந்த சரவணனையும் மின்னல் என்றே எழுதிய கட்டுரைக்கு நானே மதிப்பெண் இட்டிருக்கிறேன். நடைப்போட்டியில் ஒரு கால் எப்போதும் தரையைத் தொட்டிருக்க வேண்டும் என்பதை எழுதிய மாணவன் அறியான். அவனுக்குக் கற்பித்த நானும் அன்று அறியேன்.

இவ்வாய்பாட்டின் குறை நடையழகோடு முடிவதில்லை. 2017இல் நிகழ்ந்த ஒன்றைச் சொல்வேன். 1968இல் மெக்சிகோ ஒலிம்பிக்கில் 200 மீட்டர் அரையிறுதி வரை முன்னேறிய ஜெகதீசன் அங்கே 20.92 வினாடியில் ஓடினார். அத்தேசியச் சாதனை 49 ஆண்டுகள் நிலைத்தது. 2017இல் கைருல் ஹஃபிஸ் ஜந்தான் 20.90 வினாடியில் ஓடி அதனைக் கடந்தார். அவர் நம் மலாக்கா மாநிலத்துப் பிள்ளை. அவ்வாரம் என் மாணவன் ஒருவன் தன் கட்டுரையில், "நம் இனத்தின் பெருமை பறிபோயிற்று" என்று எழுதினான். நான் அதிலிருந்த ஒற்றுப்பிழையைத் திருத்தினேன். கருத்துப் பிழையைத் திருத்தவில்லை. ஏடு திரும்பிச் சென்ற பின்னரே என் தவறு எனக்குப் புலப்பட்டது. அண்டை ஊர்ப் பிள்ளையின் வெற்றியைத் தன் தோல்வியாக அம்மாணவன் எண்ணியதற்கு, வெற்றி குருதியில் வருவது என்று நாம் ஆண்டுதோறும் கற்பித்ததன்றி வேறு காரணம் யாது?

வாகை நோக்கில் எழுதுவோன் வேறு வினாக்களை எழுப்புவான். ஜெகதீசன் 1960இல் ரோம் ஒலிம்பிக்கில் ஓடியபோது அகவை பதினாறு. மருத்துவம் பயின்றவாறே தொடர்ந்து ஓடினார். பின்னர் மருத்துவ ஆய்வுக் கழகத்தின் இயக்குநராகவும் உயர்ந்தார். படிப்பையும் பயிற்சியையும் அவர் எவ்வாறு பகுத்துக்கொண்டார்? மெக்சிகோ நகரம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்தில் இருப்பது. அங்குள்ள மெல்லிய காற்று விரைவோட்டக்காரர்க்குத் துணைசெய்யும். இதைச் சொல்வதால் அவர் புகழ் குன்றாது. 49 ஆண்டுகள் அதை நெருங்க முயன்றோரின் உழைப்பும் விளங்கும். இக்காலத்திற்கு வந்தால், ஸ்குவாஷ் வீராங்கனை எஸ். சிவசங்கரி 2022இல் கார் விபத்தில் கழுத்தெலும்பு முறிவுற்றார். அடுத்த ஆண்டே ஹாங்சோ ஆசிய விளையாட்டில் ஒற்றையர் தங்கம் வென்றார். அவ்விரண்டிற்கும் இடைப்பட்ட மாதங்களே கட்டுரைக்குரிய பொருள். நாமோ பதக்கத்தை மட்டும் பாடி அம்மாதங்களை விட்டுவிடுகிறோம்.

புகழுரை பிள்ளைகளுக்கு ஊக்கம் தராதா எனச் சிலர் வினவலாம். தரும், மறுக்கவில்லை. ஆயின் பரம்பரையைப் புகழ்வதால் எழும் ஊக்கம் முதல் தோல்வியிலேயே கரைந்துவிடும். தோற்ற பிள்ளை, தன்னிடம் அப்பரம்பரைக் குருதி இல்லை போலும் என்று ஒதுங்கிவிடுவான். பயிற்சியின் கதையைப் படித்தவனோ, நாளை மீண்டும் திடலுக்குச் செல்வான்.

ஆனால் திடல் எங்கே? இவ்வினாவையும் பாடாண் எழுத்து மறைத்துவிட்டது. ஜாசின், அலோர் காஜா வட்டாரத் தோட்டங்களில் லயங்களுக்கும் கோயிலுக்கும் அருகே திடல் ஒன்று இருந்ததை மூத்தோர் அறிவர். பால்வெட்டு முடிந்த மாலையில் பெரியோர் பந்தாட, ஓரத்தில் சிறுவர் ஓடிப் பழகினர். தோட்டங்கள் துண்டாடப்பட்டன, இரப்பர் நின்ற இடத்தில் செம்பனை வந்தது, குடும்பங்கள் பட்டணத்து அடுக்குமாடி வீடுகளுக்குப் பெயர்ந்தன. திடலை எவரும் உடன் எடுத்துச் செல்ல இயலவில்லை. வெற்றிக்குக் குருதியே காரணம் என்று நம்புவோர்க்குத் திடல் போனது இழப்பாகத் தோன்றாது. ஆகவேதான் நாம் அதற்காக உரக்கக் கேட்கவும் இல்லை, எழுதிவைக்கவும் இல்லை.

தமிழாசிரியர்க்கும் பயிற்சி மாணவர்க்கும் என் வேண்டுகோள் ஒன்றே. அடுத்த முறை விளையாட்டைப் பற்றிக் கட்டுரை எழுதச் சொல்லும்போது, மாணவனை முதலில் தன் ஊரில் ஓடிய ஒருவரிடம் அனுப்புங்கள். எங்கே ஓடினார், யார் பழக்கினார், எத்தனை வினாடி, எப்போது தோற்றார், ஏன் நிறுத்தினார் என்று கேட்டு வரட்டும். பதக்கம் பெறாதவராயினும் தாழ்வில்லை. நம் முன்னோர் வீழ்ந்த வீரனுக்கு நடுகல் நட்டபோது, அதில் பெயரோடு அவன் செய்த செயலையும் பொறித்தனர். நம் மாணவரின் ஏடுகளில் பெயர்கள் உள்ளன. செயலைப் பொறிக்கும் பணி எஞ்சியிருக்கிறது. அதை அறிந்து சொல்லக்கூடியவர்கள் ஆண்டுதோறும் குறைந்து வருகின்றனர்.