முதல் கூட்டத்தில் ஒரு நாற்காலி

பல மென்பொருள் நிறுவனங்களில் யுஎக்ஸ் டிசைனரை, அதாவது பயனர் அனுபவ வடிவமைப்பாளரை, கூப்பிடுவது வேலை முக்கால்வாசி முடிந்த பிறகுதான். ‘கொஞ்சம் பளிச்சென்று ஆக்கிக் கொடுங்கள்’ என்பார்கள். அவரோ படிவத்தைப் புரட்டிவிட்டு, இந்தக் கேள்வியே வேண்டாமே என்பார். அதை எடுக்க வேண்டுமென்றால் டேட்டாபேஸிலேயே கை வைக்க வேண்டும். யாரும் வைக்க மாட்டார்கள். பொத்தானின் நிறம் மட்டும் மாறும்.

அதனால்தான் வடிவமைப்பாளர் முதல் கூட்டத்திலேயே இருக்க வேண்டும் என்கிறார்கள். நியாயமான கோரிக்கை. அமெரிக்க அரசின் மருத்துவக் காப்பீட்டுத் தளமான ஹெல்த்கேர்.கவ் 2013 அக்டோபர் 1 அன்று திறந்தது. காப்பீட்டுத் திட்டங்களையும் விலையையும் பார்ப்பதற்கே முதலில் கணக்குத் தொடங்க வேண்டியிருந்தது. கணக்கில்லாமல் பார்க்கும் வசதி திட்டத்தில் இருந்தும், திறப்புக்குச் சற்று முன் கைவிடப்பட்டது. வேடிக்கை பார்க்க வந்தவர்களும் வாங்க வந்தவர்களும் ஒரே வாசலில் முட்டிக்கொண்டார்கள். முதல் நாளில் பதிவை முடித்தவர்கள் 6 பேர். சர்வர்களின் பலவீனமும் காரணம்தான். ஆனாலும், வருகிறவர் முதலில் எதைத் தேடுவார் என்று கேட்கும் அதிகாரமுள்ள ஒருவர் அங்கே இருந்திருந்தால் அந்த நெரிசலில் ஒரு பகுதியாவது குறைந்திருக்கும்.

பிரிட்டன் இதை நேர்மாறாகச் செய்து காட்டியது. 2011இல் அமைந்த அரசு டிஜிட்டல் சேவைப் பிரிவு, நிரல் எழுதும் முன் மக்களின் தேவையைக் கண்டறியும் கட்டத்தைக் கட்டாயமாக்கியது. அதன் பிறகே ஆல்ஃபா, பீட்டா என்ற சோதனைக் கட்டங்கள். 2012 அக்டோபரில் வந்த கவ்.யுகே தளத்துக்கு மறு ஆண்டே லண்டன் டிசைன் மியூசியத்தின் ஆண்டு விருது கிடைத்தது. ஓர் அரசாங்க இணையதளத்துக்கு!

இதோடு நிறுத்திக்கொண்டால் அது பிரசாரம். இதே பிரிவுதான் ‘வெரிஃபை’ என்ற இணையவழி அடையாளச் சரிபார்ப்புச் சேவையையும் உருவாக்கியது. பயனர் ஆய்வுக்கு அங்கே பஞ்சமில்லை. 2020க்குள் 2.5 கோடிப் பேர் சேர்வார்கள் என்று கணித்தார்கள். 2019 பிப்ரவரியில் சேர்ந்திருந்தவர்கள் 36 லட்சம். சரிபார்க்க முயன்றவர்களில் வெற்றி பெற்றோர் 90 சதவீதம் இருப்பார்கள் என்பது எதிர்பார்ப்பு; தேசியத் தணிக்கை அலுவலகம் கண்டது 48 சதவீதம்.

எங்கே இடறியது? தேசிய அடையாள அட்டைத் திட்டம் 2010இல் ரத்தான பிறகு, மையப் பதிவேடு கூடாது, தனியார் நிறுவனங்களே சரிபார்க்கட்டும் என்பது அரசின் முடிவு. அந்த நிறுவனங்கள் பாஸ்போர்ட், ஓட்டுநர் உரிமம், கடன் வரலாறு ஆகியவற்றை நம்பின. அரசு உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கும் ஏழைகள் பலரிடம் இல்லாதவை இவைதான். வாசகத்தை எளிமையாக்கலாம், பக்கங்களைக் குறைக்கலாம். இல்லாத பாஸ்போர்ட்டை எந்த வடிவமைப்பாளரால் வரவழைக்க முடியும்? முதல் கூட்டத்திலேயே அவருக்கு நாற்காலி போட்டிருந்தார்கள். ஆனால் தீர்மானம் அதற்கு முந்தைய கூட்டத்தில் ஆகிவிட்டிருந்தது.

வடிவமைப்பாளரை முதலிலேயே அழைக்கும் நடைமுறையின் பெரிய குறை என்று நான் நினைப்பது இதைத்தான். கேள்வி திறந்திருக்கும்போது வடிவமைப்பாளர் வந்தால் பயன் உண்டு. விடை முடிவான பிறகு வந்தால், எவ்வளவு சீக்கிரம் வந்தாலும் அவர் தாமதமாக வந்தவரே. அப்போது அவர் செய்யும் ஆய்வு, ஏற்கெனவே எடுத்த முடிவுக்கு முத்திரை குத்தும் சடங்காகிவிடும்.

ஆய்வின் அளவிலும் ஒரு சிக்கல் உண்டு. ஐந்து பேரிடம் சோதித்தால் போதும் என்று பயன்பாட்டு வல்லுநர் ஜேக்கப் நீல்சன் 2000இல் எழுதியது துறையில் வேதவாக்காகிவிட்டது. அவர் பேசியது, திரையில் ஆள் எங்கே தடுமாறுகிறார் என்று கண்டுபிடிப்பதைப் பற்றி. இந்தப் பொருள் வேண்டுமா வேண்டாமா என்று தீர்மானிக்க ஐவரின் பேட்டி எப்படிப் போதும்? முதல் கட்டத்தில் பல குழுக்கள் செய்வதோ அதைத்தான்.

வெரிஃபை 2023இல் மூடப்பட்டது. அடுத்து வந்த ‘ஒன் லாகின்’ சேவையில், இணையத்தில் அடையாளத்தை நிரூபிக்க முடியாதவர் அஞ்சலகத்துக்கு நேரில் போய்க் காட்டலாம். அஞ்சலகக் கவுன்ட்டரைத் திறக்கும் முடிவு திரை வரைபவரின் மேசையில் எடுக்கக்கூடியதல்ல. அதற்கு அமைச்சகத்தின் கையெழுத்தும் பணமும் வேண்டும்.