பெரியம்மா சுமந்தது சிலுவையா?

பெரியம்மா இறந்தபின் அவருடைய வேதாகமம் என்னிடம் வந்தது. லூக்கா 9ஆம் அதிகாரத்தில் ஒரே ஒரு வசனத்தின் கீழ் சிவப்பு மையில் மூன்று கோடுகள். தம்மைப் பின்தொடர்பவர் அன்றாடம் தம் சிலுவையைத் தூக்கிக்கொண்டு வர வேண்டும் என்று இயேசு சொல்லும் இடம். பெரியப்பா அடித்து முகம் வீங்கியிருந்த ஒருநாள், சபையில் மூத்தவர் ஒருவரிடம் போய் நின்றாராம் பெரியம்மா. "அது உனக்குக் குடுத்த சிலுவைம்மா" என்று சொல்லி, ஜெபம் பண்ணி அனுப்பிவிட்டாராம் அவர். கோடுகள் அதற்குப் பிறகு விழுந்தவையாகத்தான் இருக்க வேண்டும்.

கிறிஸ்து அனுபவித்த வேதனைகளைத் தமிழ்க் கிறிஸ்தவர்கள் 'பாடுகள்' என்கிறார்கள். அடுப்படியில் நின்று "என் பாட்டை யாருகிட்ட சொல்ல" என்று பெண்கள் புலம்பும்போது வருவதும் இதே பாடுதான். தமிழ் படிப்பிப்பவள் என்பதால் இந்தச் சொல்லில் எனக்கு மயக்கம் உண்டு, பயமும் உண்டு. இரண்டு பாடும் ஒன்றே என்று நம்பவைத்துவிட்டால் அடிக்கிற கையை யாரும் கேள்வி கேட்கப்போவதில்லை.

சிலுவை என்பது ரோமப் பேரரசு அடிமைகளுக்கும் கலகக்காரர்களுக்கும் கொடுத்த தண்டனை. கி.மு. 71இல் ஸ்பார்ட்டகஸின் எழுச்சியை நசுக்கியபின் சுமார் 6,000 அடிமைகளைச் சாலையோரமாகச் சிலுவைகளில் தொங்கவிட்டார்கள். 'சிலுவையைத் தூக்கிக்கொள்' என்ற பேச்சைக் கேட்ட கலிலேயர்களின் கண்முன் அதிகாரத்தை எதிர்த்தவனின் சாவுதான் வந்திருக்கும், குடிகாரப் புருஷனின் கை வந்திருக்காது. இதே கூற்று மாற்குவிலும் மத்தேயுவிலும் இருக்கிறது. 'அன்றாடம்' என்ற சொல் அவற்றில் இல்லை, லூக்காவில் மட்டும்தான் இருக்கிறது. அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் சிலுவையை வீட்டுக்குள் கொண்டுவந்து வைத்தார்கள்.

இந்த மரணம் எதற்காக என்பதற்குத் திருச்சபை காலந்தோறும் வேறுவேறு பதில்கள் சொல்லியிருக்கிறது. 1098 வாக்கில் ஆன்செல்ம் சொன்னது, பாவம் கடவுளின் மாண்புக்கு நேர்ந்த இழுக்கு, மனிதனால் அதை ஈடுகட்ட முடியாது, கடவுளே மனிதனாகி ஈடுகட்டினார் என்பது. நிலப்பிரபுவின் முன் குடியானவன் கைகட்டி நிற்கும் காட்சிதான் எனக்கு நினைவுக்கு வரும். பின்வந்த சீர்திருத்தவாதிகள் அதைத் தண்டனையாக்கினார்கள்: நமக்கு விழ வேண்டிய அடி அவர்மேல் விழுந்தது. 1989இல் ஜோன் கார்ல்சன் பிரவுனும் ரெபேக்கா பார்க்கரும் இங்கேதான் கை வைத்தார்கள். மகனின் வேதனையைக் கேட்டு வாங்கும் தகப்பனைத் தொழச்சொல்லும் மதம், வேதனையைப் பொறுத்துக்கொள்ளத்தானே பெண்ணைப் பழக்கும்?

படித்தபோது பெரியம்மாவின் முகம்தான் தெரிந்தது. ஆனாலும் அவர்களோடு கடைசிவரை போக என்னால் முடியவில்லை. பெரிய வெள்ளி மும்மணி ஆராதனை முடிந்து வெயிலில் இறங்கி வரும்போது பெரியம்மாவின் முகம் லேசாகியிருக்கும். "அவரும் அடிவாங்குனவர்தானடி" என்பார். ஊரில் யாரும் பக்கத்தில் வந்து நிற்காத ஒரு பெண்ணுக்குக் கடவுள் வந்து நின்றிருக்கிறார், அதுவும் அடிபட்ட உடம்போடு. கோட்பாட்டைச் சொல்லி அதைப் பிடுங்கிக்கொள்ள நான் யார்?

ஆகவே சிலுவையை விட்டுவிட்டு, அதைச் சுமந்தவரைத் திரும்பப் படித்தேன். கெத்செமனேயில் அவர் இந்தப் பாத்திரம் வேண்டாம் என்றுதான் முதலில் கெஞ்சுகிறார். தம் உயிரை யாரும் பறிக்கவில்லை, தாமே கொடுப்பதாக யோவானில் சொல்கிறார். கொடுக்காமல் இருக்கவும் வழியிருந்தவர் கொடுத்தால்தானே அது தியாகம்! பெரியம்மாவுக்குப் பிறந்த வீட்டுக் கதவும் சாத்தியிருந்தது.

யோவான் 18ஆம் அதிகாரத்தில் இன்னொன்று இருக்கிறது. பிரதான ஆசாரியரின் விசாரணையில் ஒரு சேவகன் இயேசுவை அறைகிறான். மறு கன்னத்தைக் காட்டச் சொன்னவர் அங்கே கன்னத்தைக் காட்டவில்லை. தப்பாகப் பேசியிருந்தால் நிரூபி, சரியாகப் பேசியிருந்தால் ஏன் அடிக்கிறாய் என்று அவனைக் கேட்கிறார். கைகள் கட்டப்பட்ட நிலையில் கேட்கிறார்.

பெரிய வெள்ளியன்று பல ஆலயங்களில் வாசிக்கப்படும் அதிகாரம்தான் அது. பெரியம்மாவின் வேதாகமத்தில் அந்தப் பக்கம் சுத்தமாக இருக்கிறது. ஒரு கோடுகூட இல்லை.