பன்றித் தீனி அட்டவணைகளில் ஒரு பிழை

பன்றி வளர்ப்புக் கையேடு எதையேனும் புரட்டியிருந்தால், அந்த அட்டவணையைக் கண்டிருப்பீர்கள். அசோலா, வாழைத்தண்டு, தவிடு, ஓட்டல் மிச்சம் என்று மலிவான தீனிகளின் வரிசை. எதிரே புரதச்சத்தின் விழுக்காடு. செலவில் பெரும்பங்கு தீனிக்கே என்பதால், தாமிரபரணிக் கரையில் நாலைந்து பன்றி வைத்திருப்பவர் இந்த எண்களை நம்பித்தான் பணம் போடுகிறார்.

அசோலாவையே எடுத்துக்கொள்ளுங்கள். அதில் 20 முதல் 25 விழுக்காடு புரதம் என்பது காய்ந்த அசோலாவுக்கு மெய். ஆனால் தொட்டியில் போடுவதோ பச்சை அசோலா; அதில் ஏறத்தாழ 94 பங்கு தண்ணீர். கிலோவுக்குப் பன்னிரண்டு, பதின்மூன்று கிராம் புரதம் தேறினால் பெரிது. 30 கிலோ எடையுள்ள வளரும் பன்றிக்கு நாள்தோறும் சுமார் ஒன்றரைக் கிலோ தீவனம் வேண்டும். அதில் 16 விழுக்காடு, அதாவது 240 கிராம், புரதம் இருக்கவேண்டும். அசோலாவிலேயே அதைப் பெறுவதானால் 19 கிலோ தின்னவேண்டும்! வாழைத்தண்டோ இன்னும் மோசம். பன்றிக்கு மாட்டைப்போல அசைபோடும் வயிறு இல்லையே.

தவிடு நல்ல தீனிதான். காரும் பிசானமும் விளையும் நெல்லைச் சீமையில் அதற்குப் பஞ்சமும் இல்லை. ஆனால் எந்தத் தவிடு? பழைய ஹல்லர் ஆலைத் தவிட்டில் அரைபட்ட உமியும் சேர்ந்திருக்கும். அது வெறும் நாரும் மணற்சத்துமே. பச்சரிசித் தவிட்டிலுள்ள எண்ணெய் சில நாட்களில் காறிப்போகும். புழுங்கல் தவிட்டில் அதற்குக் காரணமான நொதி நெல் அவிக்கும்போதே அழிந்துவிடுவதால், அது சற்றுக் கூடுதலாகத் தாங்கும். இந்த வேறுபாடுகள் அட்டவணையில் இல்லை.

புரதத்தின் அளவு மட்டும் போதுமா? தவிட்டோடு எள்ளுப் பிண்ணாக்கோ கடலைப் பிண்ணாக்கோ சேர்த்தால் எண் நிறைந்துவிடும். லைசின் என்ற அமினோ அமிலம் குறைவாகவே நிற்கும், வளர்ச்சியும் அந்த அளவோடு நிற்கும். இக்குறையைத் தீர்ப்பது மீன். தூத்துக்குடி பக்கத்திலேயே இருப்பது நமக்கு வாய்ப்பு. ஆனால் உப்புக் கருவாட்டுத் தூளை அள்ளிப் போட்டுக் குடிநீரையும் குறைத்தால் பன்றி உப்பு நஞ்சால் சாகும்.

கம்போடியாவில் பனஞ்சாற்றைப் பன்றிக்கு ஊட்டி, புரதத்துக்குச் சோயா சேர்த்து ஆராய்ந்திருக்கிறார்கள். உடன்குடிப் பனைகளுக்கு அதைச் சொன்னால் நம்மவர் சிரிப்பார்கள். கருப்பட்டி விற்கும் விலை அப்படி.

ஓட்டல் மிச்சம் பற்றித்தான் எனக்குப் பெரிய மனக்குறை. 'வேகவைத்துக் கொடுக்கவும்' என்ற ஒரே வரியோடு விட்டுவிடுகிறார்கள். 1957-இல் லிஸ்பன் அருகே ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் நுழைந்தது, விமானங்களின் உணவு மிச்சத்தைத் தின்ற பன்றிகள் வழியாக. இந்தியாவில் 2020-இல் அசாமிலும் அருணாசலப் பிரதேசத்திலும் அது கண்டறியப்பட்டது. மனிதருக்குத் தொற்றாது, பட்டியையோ காலியாக்கிவிடும். கிருமி அழிய, கிளறிக்கொண்டே 90 டிகிரி சூட்டில் ஒரு மணி நேரம் வைக்கவேண்டும் என்பது உலக விலங்கு நல அமைப்பின் விதி. அத்தனை விறகுக்கு ஆகும் செலவை இலவசத் தீனியின் கணக்கில் எழுதிய கையேட்டை நான் இன்னும் பார்க்கவில்லை.