கைக்கு வந்தால்தான் கணக்கு

ஜக்லிங் பற்றி ஒரு கட்டுரை வேண்டும் என்று நம் சங்கத்தின் மலர்க்குழு கேட்டது. "எல்லாப் பரம்பரையையும் தொட்டு எழுதுங்கள், யார் மனமும் புண்படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று செயலாளர் சேர்த்துச் சொன்னார். முதல் பாதி கைக்கு அடங்கியது. இரண்டாவது பாதிக்கு இயன்றவரை முயல்கிறேன். மூத்தவர்கள் பலர் இருக்க நான் எழுதுவது முறையல்ல. அவர்களே பணித்ததால் பேனாவை எடுத்தேன். கேஸ்கேட் எது, ஷவர் எது, ஒற்றைப்படைக்கு ஏன் குறுக்கு வீச்சு, இரட்டைப்படைக்கு ஏன் கைக்குக் கை தனி வீச்சு என்றெல்லாம் உறுப்பினர்களுக்கு விளக்கப் புகுந்தால் சிரிப்பார்கள். நேரே விஷயத்துக்குப் போகிறேன்.

பழைய கணக்கு

எகிப்தில் பெனி ஹசன் என்ற ஊரின் கல்லறைச் சுவரில் பந்து வீசும் பெண்கள் இருக்கிறார்கள். ஏறக்குறைய 4000 ஆண்டுப் பழைய ஓவியம். அவர்களில் ஒருத்தி கைகளைக் குறுக்கே போட்டு வீசுகிறாள். குறுக்குக்கை நேற்று வந்த புதுமை என்று நினைக்கிற தம்பிகள் கவனிக்க. சீனத்து 'லீட்ஸு' நூலில் லான்ஸி என்பவர் ஏழு வாள்களை வீசுகிறார். அவற்றில் ஐந்து எப்போதும் அந்தரத்திலேயே இருந்தன என்று நூல் கூடவே சொல்கிறது. யூதர்களின் தல்மூதில் ரப்பான் ஷிமோன் பென் கம்லியேல் எட்டுத் தீப்பந்தங்களை வீசிப் பிடித்த செய்தி வருகிறது. ஒன்று மற்றொன்றைத் தொடவில்லை என்பதையும் மறக்காமல் எழுதியிருக்கிறார்கள். எழுதியவர்கள் யாரும் நம் தொழில்காரர்கள் இல்லை. இருந்தும் எத்தனை என்பதோடு நிறுத்தாமல், எப்படி என்பதையும் பதிந்து வைத்தார்கள்.

நம் பக்கம் அம்மானை. பெண்பால் பிள்ளைத்தமிழில் அதற்கு ஒரு பருவம், கலம்பகத்தில் ஓர் உறுப்பு, சிலப்பதிகாரத்து வாழ்த்துக் காதையில் ஒரு வரிப்பாட்டு என்று இலக்கியத்தில் அதற்கு உள்ள இடம் வேறெந்த வீச்சு வித்தைக்கும் கிடையாது. காய் மேலே போகும், பாட்டும் கூடவே போகும். பாட்டின் அடி முடிகிற இடத்தில் காய் கையில் இருக்க வேண்டும். பெருங்கதையில் 'பந்தடி கண்டது' என்றே ஒரு பகுதி உண்டு. அரண்மனைப் பெண்கள் பந்தாடுகிறார்கள். எண்ணிக்கை வைத்துப் போட்டி நடக்கிறது. எண்ணுவதற்கு ஆள் இருந்தால் ஏமாற்ற முடியாது என்பது அந்தக் காலத்திலேயே தெரிந்திருக்கிறது.

கடல் கடந்தவர்

ராமோ சாமி என்ற பெயரை நம் ஆண்டுவிழாவில் ஒருமுறையாவது சொல்லாமல் மூத்தவர்கள் விட்டதில்லை. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்துக்குப் போய், லண்டன் மேடைகளில் பித்தளைப் பந்துகளையும் வாள் விழுங்கும் வித்தையையும் காட்டியவர். ஆங்கிலக் கட்டுரையாளர் வில்லியம் ஹாஸ்லிட் இந்திய ஜக்லர்களைப் பற்றி எழுதிய கட்டுரை 1821இல் நூலாக வந்தது. வெள்ளை உடையும் தலைப்பாகையுமாகத் தரையில் உட்கார்ந்த ஒருவர் இரண்டு பித்தளைப் பந்தில் தொடங்கி நான்கில் முடிக்கிறார். இதைப் பார்த்த ஹாஸ்லிட், தன் வாழ்நாளில் இப்படிப் பிசகில்லாமல் செய்த ஒன்றாவது உண்டா என்று தன்னையே கேட்டுக்கொள்கிறார். நான்கே பந்துதான். பதினொன்று, பன்னிரண்டு என்று பேசுகிற இன்றைய பிள்ளைகள் இதை இரண்டு தடவை படிக்க வேண்டும். ராமோ சாமி 1850இல் லண்டனிலேயே இறந்தார். அடக்கச் செலவுக்கு அவர் மனைவி உதவி கேட்க வேண்டியிருந்தது. நம் நலநிதிக்குச் சந்தா பாக்கி வைத்திருப்பவர்களுக்காக இதைக் குறிப்பிடுகிறேன்.

மேல்நாட்டுப் பரம்பரைகள்

மேல்நாட்டில் பரம்பரைகள் பல. ஜெர்மனியின் மைக்கேல் காரா தொப்பி, கைத்தடி, சுருட்டு, சாப்பாட்டு மேசைச் சாமான் ஆகியவற்றை வீசி 'கனவான் ஜக்லர்' பாணியை நிலைநிறுத்தினார். போலந்தில் பிறந்த பால் சின்குவெல்லி பில்லியர்ட்ஸ் மேசையின் பைகளைத் தன் சட்டையிலேயே தைத்துக்கொண்டு, முதுகில் உருட்டிய பந்தை அந்தப் பைகளில் விழ வைத்தார். 1912இல் பிரிட்டிஷ் அரசர் முன்னிலையில் நடந்த முதல் வெரைட்டி நிகழ்ச்சியில் அவருக்கும் இடம் இருந்தது. இந்தப் பாணியில் சாமானின் கனமும் வடிவமும் ஒன்றுக்கொன்று ஒட்டாது. சுருட்டும் தொப்பியும் ஒரே நேரத்தில் கைக்கு வர வேண்டுமென்றால் இரண்டுக்கும் இரண்டு விதமான சுழற்சி கொடுத்தாக வேண்டும்.

அடுத்து என்ரிகோ ராஸ்டெல்லி. இத்தாலிய சர்க்கஸ் குடும்பம்; பிறந்தது 1896இல் ரஷ்யாவின் சமாராவில். ஜப்பானியர் தகாஷிமாவின் குச்சி-பந்து முறையைப் பார்த்துக் கற்று, அதைத் தாண்டிப் போனார். பத்துப் பந்து வரை வீசினார். கால்பந்து அளவுப் பெரிய பந்துகளைத் தலை, தோள், முழங்கால் என்று உடம்பு முழுவதும் ஓட விட்டவர் அவர்தான். 1931இல் 34 வயதில் பெர்காமோவில் காலமானார். அவருக்குப் பின் பிரான்சிஸ் புருன். 1948இல் அமெரிக்காவின் ரிங்லிங் சர்க்கஸுக்குப் போனவர், வயது ஏற ஏறச் சாமானைக் குறைத்துக்கொண்டே வந்து கடைசியில் ஒற்றைப் பந்தில் நின்றார். ரஷ்யப் பள்ளியின் செர்கே இக்னாத்தவ் பதினொரு வளையம் வீசினார். வளையம் மெல்லியது, அந்தரத்தில் ஒன்றை ஒன்று இடிக்கிற வாய்ப்பு குறைவு. அதனால் பெரிய எண்ணிக்கைக்கு அதுவே தோது. அந்தோணி காட்டோ 2000இல் மான்டி கார்லோவில் தங்கக் கோமாளி விருது வாங்கினார்.

படித்தவர்கள் பக்கமும் ஒன்று சொல்லியாக வேண்டும். தகவல் கோட்பாட்டைத் தந்த கிளாட் ஷானன், கை எத்தனை, பந்து எத்தனை, பந்து கையில் தங்கும் நேரம் எவ்வளவு என்பதை ஒரே சமன்பாட்டில் கட்டினார். பந்துகளை முரசில் தட்டி எழுப்பும் ஜக்லிங் பொம்மை ஒன்றும் செய்தார். 1980களில் பிறந்த சைட்ஸ்வாப் எண்முறை இன்று எல்லாப் பிள்ளைகளுக்கும் மனப்பாடம். 441 என்றால் கூட்டினால் ஒன்பது, மூன்றால் வகுத்தால் மூன்று, ஆகவே மூன்று பந்து. 97531 என்றால் ஐந்து. கணக்கு அழகானது, நான் குறை சொல்லவில்லை. எண்ணைச் சொல்லத் தெரிந்ததே வீசத் தெரிந்ததாகிவிட்டது என்ற எண்ணம் மட்டும் அங்கங்கே தென்படுகிறது.

எங்கள் பள்ளி

இந்தியாவில் சர்க்கஸ் என்றால் தலச்சேரி. விஷ்ணுபந்த் சத்ரே 1880இல் பம்பாயில் தொடங்கிய கூடாரம் பிறகு மலபாருக்கு வந்தபோது, களரியும் ஜிம்னாஸ்டிக்ஸும் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்த கீலேரி குஞ்ஞிக்கண்ணனுக்கு அது பொறி தட்டியது. 1901இல் சிறக்கரையில் அவர் சர்க்கஸ் பள்ளி திறந்தார். அந்த வழியில் வந்தவரிடம் பயின்றவர் எங்கள் ஆசான். அவர் பெயரை அச்சில் போடுவதை அவரே விரும்பியதில்லை. உறுப்பினர்களுக்குச் சொல்லவும் தேவையில்லை.

ஆசானின் டிரங்குப் பெட்டி மூடியின் உட்புறம் ராஸ்டெல்லியின் படம் ஒட்டியிருக்கும். மற்றபடி மேல்நாட்டுப் பேச்சே கிடையாது. முதல் பாடம் பித்தளைப் பந்து. ரப்பர் பந்து கெஞ்சினாலும் கிடைக்காது. கனமான பந்து கையை ஏமாற்றாது. வீச்சு ஒரு விரல்கடை தவறினாலும் மணிக்கட்டு சொல்லிவிடும் என்பார். சுவரைப் பார்த்து நிற்க வேண்டும், பந்தைத் துரத்தி முன்னே நகரக் கூடாது. கட்டிலுக்கு முன்னால் நின்று பழகினால் விழும் பந்து மெத்தையில் தங்கும், குனிய வேண்டாம் என்பது எல்லா ஊரிலும் உள்ள வழக்கம். ஆசானிடம் கட்டிலுக்கு இடமில்லை. விழுந்தால் தரையில் விழ வேண்டும். வீசியவனே குனிந்து எடுக்க வேண்டும்.

எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து வெற்றிலை மடித்துக்கொண்டிருப்பார். பந்து உள்ளங்கையில் விழும் தப், தப் ஓசை மட்டும் அவருக்குப் போதும். "இடது கை பிந்துது" என்பார் திரும்பாமலே. இன்னும் கொஞ்ச நேரத்தில், "இப்போ பயந்து உயரத்தைக் கூட்டிட்டே" என்பார். உயரம் கூட்டுவது எளிய தப்பித்தல் என்பது அவர் கருத்து. பந்து இரண்டு மடங்கு நேரம் அந்தரத்தில் இருக்க வேண்டுமென்றால் நான்கு மடங்கு உயரம் போக வேண்டும். போகிற உயரத்தோடு பிழையும் பெருகும். கிளப் வீச்சுக்கு வந்தபோது கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே காய்ப்புக் காய்த்த பிறகுதான் நான்காவது கிளப்பைக் கையில் கொடுத்தார்.

ஆசானின் சட்டம் ஒன்றுதான்: கைக்கு வந்தால்தான் கணக்கு. ஏழு பந்தை வீசினாய், சரி. ஏழும் கைக்கு வந்து, நீ நிறுத்தி, கூட்டத்தைப் பார்த்தாயா? இல்லையென்றால் ஏழு இல்லை. ஐட்டம் தவறினால் மூன்று முறை வரை முயலலாம். பேண்டுக்காரர் அதே மெட்டைத் திரும்ப எடுப்பார். மூன்றாவதும் தவறினால் வணங்கி, அடுத்ததுக்குப் போய்விட வேண்டும்.

இன்றைய நிலை

இன்று வீசுகிறவர்களில் மிகத் திறமையானவர்கள் இருக்கிறார்கள். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 2012இல் அலெக்ஸ் பாரன் பதினொரு பந்தில் 23 பிடிப்புச் செய்தார். ஒவ்வொரு பந்தும் இரண்டு முறையாவது வீசிப் பிடிக்கப்பட்டால்தான் முழுக்கணக்கு, ஒரு முறை மட்டும் என்றால் வெறும் பிளாஷ் என்று உலகமே பிரித்து வைத்திருக்கிறது. நம்மூரில் சிலர், யாரென்று சொல்ல மாட்டேன், பிளாஷைக்கூட முடிக்காமல் செல்போனில் வெட்டி ஒட்டி 'ஒன்பது பந்து' என்று போட்டுக்கொள்கிறார்கள். பிடிக்கிற கை படத்திலேயே இல்லை. 2011இல் உச்ச நீதிமன்றம் சர்க்கஸில் குழந்தைகளைச் சேர்க்கக் கூடாது என்றதால் தரம் விழுந்தது என்று சமாதானம் சொல்பவர்கள் உண்டு. அந்தத் தீர்ப்பு சரி. கைவித்தையை இருபது வயதிலும் தொடங்கலாம். தொடங்கி நன்றாக வந்தவர்கள் நம் சங்கத்திலேயே இருக்கிறார்கள்.

எனக்கு உள்ள பெரிய மனக்குறை வேறு. விழுந்த பந்தை யார் எடுப்பது? இன்று மேடைக்குப் பக்கத்தில் ஒரு பையனை நிறுத்திவிடுகிறார்கள். பந்து விழுகிறது, வீசியவர் விரலை நீட்டுகிறார், பையன் ஓடுகிறான். இன்னும் சிலர் செருப்புக் காலால் உதைத்து மேலே எழுப்புகிறார்கள். சாமானைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு எடுத்த பரம்பரையில் இதைப் பார்க்கக் கொடுத்து வைத்திருக்கிறோம். ஒரு விழாவில் பந்து உருண்டு முன்வரிசையில் உட்கார்ந்திருந்த பெரியவர் ஒருவரின் நாற்காலிக்கு அடியில் போய்விட்டது. வீசியவர் இறங்கி வரவில்லை. கையை ஏந்தி நின்றார். எண்பது வயதுப் பெரியவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு குனிந்து எடுத்துக் கொடுத்தார், கூட்டம் கைதட்டியது. கைதட்டியவர்களில் நம் உறுப்பினர்களும் இருந்தார்கள் என்பதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

"டபிள்யூ. சி. ஃபீல்ட்ஸ் தவறவிட்டே சிரிக்க வைக்கவில்லையா?" என்று கேட்கிறார்கள். சினிமாவுக்கு வருவதற்கு முன்பே அவர் முதல்தர ஜக்லர். சுருட்டுப் பெட்டிகளை அடுக்கிக் கலைத்த கை. விழுவதையும் ஒத்திகை பார்த்து விழ வைத்தார், விழுந்ததைத் தானே எடுத்தார். 1934இல் வந்த அவருடைய படத்தில் இன்றும் பார்க்கலாம். குனிய மறுப்பவருக்கு அவர் பெயரைச் சொல்ல உரிமையில்லை. குனிய மனமில்லாதவர் நாளை ஆசிரியர் காலில் விழ மாட்டார். மாணவனுக்குச் சொல்லிக்கொடுக்கத் தரையில் உட்கார மாட்டார். சங்கக் கூட்டத்தில் நாற்காலி எடுத்துப் போட மாட்டார். சென்ற ஆண்டுவிழா முடிந்து பந்தி இலை எடுக்க ஆள் இல்லாமல் போனதற்கும் மூலகாரணம் இதுதான் என்பது என் உறுதியான கருத்து. சிலர் இதை மிகை என்பார்கள். அவர்கள் அன்று இலை எடுக்கவில்லை.

1947இல் அமெரிக்காவின் பிட்ஸ்பர்கில் மந்திரவாதிகளின் மாநாட்டுக்குப் போன சில ஜக்லர்கள் தங்களுக்கென்று தனிச் சங்கம் தொடங்கினார்கள். இன்று உலகச் சங்கமாக நிற்கிறது. போட்டிக்கு விதி எழுதி, அந்த விதியை மதித்ததால் நிற்கிறது. நம் ஆண்டுப் போட்டிக்கும் மூன்று விதிகளைப் பொதுக்குழுவின் முன் வைக்கிறேன். ஒன்று, கடைசிப் பந்து கைக்கு வந்து நின்ற பிறகே எண்ணிக்கை செல்லும். இரண்டு, வீடியோவை வைத்து யாரையும் தேர்வு செய்யக் கூடாது. எண்ணுகிறவர் நேரில் உட்கார்ந்து எண்ண வேண்டும். மூன்று, விழுந்ததை வீசியவரே எடுக்க வேண்டும். உதைத்தாலும் ஆள் விட்டு எடுத்தாலும் மதிப்பெண் போகும்.

முன்மொழிபவன் நான். வழிமொழிய ஒருவர் வேண்டும். அவர் மேடையில் ஒருமுறையாவது குனிந்து பந்தை எடுத்தவராக இருந்தால் போதும்; எத்தனை பந்து வீசுவார் என்று கேட்க மாட்டேன்.