தியாரோய் முகாம் (திரைப்படம்): விமர்சனப் பார்வை

'தியாரோய் முகாம்' 1988-இல் வெளிவந்த செனகல் நாட்டுத் திரைப்படம். உஸ்மான் செம்பேனும் தியெர்னோ ஃபாட்டி சோவும் இணைந்து இயக்கியது. வெனிஸ் திரைப்பட விழாவில் நடுவர் குழுவின் சிறப்புப் பரிசு பெற்றது.

இரண்டாம் உலகப் போரில் பிரான்சுக்காகப் போரிட்டு, ஜெர்மானியரிடம் சிறைப்பட்டு மீண்ட மேற்கு ஆப்பிரிக்க வீரர்கள் டக்கார் அருகே தியாரோயில் தங்க வைக்கப்பட்டனர். சம்பள பாக்கியைக் கேட்ட அவர்கள்மீது 1944 டிசம்பர் 1 அன்று பிரெஞ்சுப் படை சுட்டது. இறந்தோர் 35 பேர் என்றது அரசுக் கணக்கு. வரலாற்றாய்வாளர் பலர் அதை ஏற்பதில்லை.

செம்பேனும் அதே போரில் பிரெஞ்சுப் படையில் இருந்தவர். அதனால்தானோ என்னவோ, துப்பாக்கிச் சூட்டைவிடச் சோற்றையும் சீருடையையும் படம் நிதானமாகக் காட்டுகிறது. வீரர்கள் கொண்டுவந்த பணத்துக்குப் பாதி மதிப்பே கிடைக்கும் என்று அதிகாரிகள் அறிவிக்கும் இடத்தில்தான் படத்தின் முழு பலமும் தெரிகிறது. பேரரசின் நன்றி இவ்வளவுதான் என்பது அங்கே பேச்சில்லாமலே புரிந்துவிடும்.

புக்கன்வால்ட் வதைமுகாமில் பேச்சிழந்த வீரன் இங்கும் முள்வேலியைத் தொட்டுப் பார்க்கிறான். பீரங்கி வண்டிகள் வரும் இரவில் அவன் எச்சரிக்க ஓடுகிறான். பைத்தியம் என்று ஒதுக்குகிறார்கள்.

குறையும் உண்டு. சார்ஜன்ட் தியாட்டா சற்று அதிகமாகவே குறையற்றவர். ஒரு கேப்டன் நீங்கலாக, பிரெஞ்சு அதிகாரிகள் ஒரே அச்சில் வார்த்தவர்கள்.

செனகல் 1960-இல் விடுதலை பெற்றது. படம் அவ்வளவு தூரம் போகவில்லை. புதிதாகச் சேர்க்கப்பட்ட ஆப்பிரிக்க இளைஞர்கள் ஐரோப்பாவுக்குக் கப்பலேறுவதோடு முடிகிறது.