மொட்டை மாடியில் மாயாபஜார்

தட்டில் இருக்கும் லட்டுகள் தாமாக எழும்பி, ஒன்றன்பின் ஒன்றாகக் கடோத்கஜனின் வாய்க்குள் போகின்றன. மாயாபஜார் என்றதும் எல்லோரும் முதலில் சொல்வது இந்தத் தந்திரக் காட்சியைத்தான். எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது எஸ்.வி. ரங்காராவின் முகம். வாய்க்குள் போனதை அவர் உண்மையிலேயே ருசிக்கிறார். கண் விரிகிறது, கன்னம் உப்புகிறது, அடுத்ததற்கு மனசு தாவுகிறது. அந்த ருசி முகத்தில் இல்லாவிட்டால் நாம் லட்டை மட்டும்தான் வேடிக்கை பார்த்திருப்போம்.

பிள்ளைகளுக்குச் சோறூட்டிப் பழகியவர்களுக்கு இது சட்டென்று பிடிபடும். என் பேரனுக்கு ஆறு வயது. காலையில் அவனுக்கு ஒரு இட்லி இறங்குவதற்குள் வாசலில் பள்ளிக்கூட வேன் வந்து ஹாரன் அடித்துவிடும். வாயைத் திறக்கிற நேரத்தை வைத்தே அவனுக்குப் பசியா, கடனே என்று தின்கிறானா என்று சொல்லிவிடுவேன். ரங்காராவின் வாய் திறப்பில் கடனே என்பது மருந்துக்கும் இல்லை.

மகனும் மருமகளும் வேலையிலிருந்து திரும்ப இருட்டிவிடும். அதுவரை பேரனும் பேத்தியும் என் பொறுப்பு. பேத்திக்கு ஒன்பது வயது. வீட்டுப்பாடம் முடிந்ததும் அவள் தாத்தாவாக மாறிவிடுவாள். கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, பேப்பரை ஒரு உதறு உதறி நாலாக மடித்து, தொண்டையைச் செருமி, "ஏளா, காப்பி என்னாச்சு?" என்பாள். குரல் அவ்வளவாகப் பொருந்தாது. ஆனால் பேப்பரை உதறுகிற அந்த ஒரு உதறல் அச்சு அசல் தாத்தாதான். நாற்பது வருஷமாகப் பார்த்துக்கொண்டிருக்கிற எனக்கு, அவர் அப்படி உதறுவார் என்பதே அவள் செய்துகாட்டிய பிறகுதான் தெரிந்தது.

போன சனிக்கிழமை ராத்திரி மொட்டை மாடியில் படம் போட்டோம். கொடிக்கயிற்றில் தாத்தாவின் எட்டு முழ வேட்டி, மகனின் சின்ன புரொஜெக்டர், கோரைப்பாய், ஒரு தூக்குச்சட்டி நிறையக் காராச்சேவு. காலண்டர் தாளில் டிக்கெட் செய்து கிழித்துக் கொடுத்தாள் பேத்தி. எங்கள் காலத்து டூரிங் கொட்டகையில் தரை டிக்கெட்டுக்கு மணல்தான் ஆசனம் என்றும், முன்னால் இருப்பவர் தலை மறைத்தால் மணலைக் குவித்து மேடாக்கி அதன்மேல் உட்காருவோம் என்றும் சொன்னேன். ஒரே ஒரு புரொஜெக்டர் என்பதால் ரீல் மாற்றும்போதெல்லாம் படம் நிற்கும் என்றதும் பேரனுக்கு உற்சாகம் தாங்கவில்லை. "ரீல் மாத்தணும்" என்று அவனே படத்தை நிறுத்திவிட்டுக் காராச்சேவை ஒரு சுற்று விநியோகம் செய்தான்.

1957-இல் வந்த படம். விஜயா நிறுவனத்துக்காக கே.வி. ரெட்டி தமிழிலும் தெலுங்கிலும் எடுத்தார். அபிமன்யுவும் பலராமன் மகள் வத்சலாவும் காதலர்கள். பாண்டவர் நாட்டை இழந்ததும் சகுனியின் சூழ்ச்சியால் வத்சலாவைத் துரியோதனன் மகனுக்குப் பேசி முடிக்கிறார்கள். கடோத்கஜன் அவளைத் தூக்கிக்கொண்டுபோய் ஒளித்துவைத்துவிட்டு, அவள் உருவத்தில் தானே கல்யாணப் பெண்ணாக வந்து நிற்கிறான். இங்கேதான் சாவித்திரி.

ஒரு பெண் ஆண்வேஷம் போடுவது வேறு, இது வேறு. பெண்ணாக நடிக்கத் தெரியாத ஓர் அசுரன் பெண்ணாக நடிக்கிறான். அவனை சாவித்திரி நடிக்கிறார். பார்க்கிறவர்கள் இருக்கும்வரை நாணம், குனிந்த தலை, சின்ன அடி. அடுத்த நொடியில் தோள் அகலமாகிறது, நடையில் கனம் ஏறுகிறது. யாரோ வருகிற அரவம் கேட்டால் மறுபடியும் நாணம். அந்த நாணம் வத்சலாவின் நாணம் அல்ல, அவசரமாக எடுத்துப் போர்த்திக்கொண்ட நாணம். ஒரே முகத்தில் இந்த இரண்டு நாணங்களையும் வேறு வேறாகக் காட்டியிருக்கிறார் பாருங்கள், நான் எத்தனை முறை பார்த்தாலும் கும்பிடத் தோன்றுகிறது.

பேத்தி இதை என்னைவிடச் சீக்கிரம் பிடித்துவிட்டாள். "ஆச்சி, உள்ள இருக்கது அவந்தான்னு தோளுலயே தெரியுது, பாத்தீங்களா?" என்றாள். அவள் தாத்தாவாக நடிக்கும்போதும் முதலில் காட்டிக்கொடுப்பது தோள்தான். சிரிப்பை அடக்க முடியாமல் அது குலுங்க ஆரம்பித்ததும் தாத்தா மறைந்து பேத்தி வந்துவிடுவாள். தான் தினமும் சறுக்குகிற இடத்தில் ஒருத்தர் வேண்டுமென்றே சறுக்கிக் காட்டுகிறார் என்பது அவளுக்குப் புரிந்துவிட்டது. அந்த இடத்தைத் திரும்பத் திரும்பப் போடச் சொன்னாள். தாத்தாவும் வாய்விட்டுச் சிரித்தார்.

பேரனுக்குப் பிடித்தது ஆளை வைத்துச் சுருண்டுகொள்ளும் கம்பளமும், சுழன்று கீழே தள்ளிவிடும் கட்டிலும். எனக்குப் படகுப் பாட்டின் நிலா. ஒளிப்பதிவாளர் மார்கஸ் பார்ட்லி விளக்குகளை வைத்தே உண்டாக்கிய நிலா வெளிச்சம், அன்றைக்கு எங்கள் மாடியில் அடித்த நிஜ நிலாவோடு சண்டையில்லாமல் கலந்துகொண்டது.

படம் முடிந்து பாயைச் சுருட்டும்போது பேத்தி விரலை மடக்கி எண்ணிக்கொண்டே கேட்டாள்: "கிருஷ்ணர் வந்தாரு, பலராமர் வந்தாரு, துரியோதனன், சகுனி எல்லாரும் வந்தாங்க. தர்மரும் பீமனும் அர்ச்சுனனும் ஏன் வரவே இல்ல?" ஆமாம், இந்தப் படத்தில் பாண்டவர் ஐவரில் ஒருவர்கூடத் திரையில் தோன்றுவதில்லை. அவர்கள் நாடு இழந்ததால்தான் கல்யாணமே தடைப்படுகிறது, அவர்கள் பிள்ளைகள்தான் கதையை நடத்துகிறார்கள், ஆனாலும் அவர்கள் இல்லாத குறை நமக்குத் தெரிவதே இல்லை. கதையை அவ்வளவு இறுக்கமாகக் கட்டியிருக்கிறார்கள். "பிள்ளைங்க கல்யாணத்தைப் பிள்ளைங்களே பாத்துக்கிட்டாங்க" என்றேன். "அதான் பீமனுக்குப் பதிலா கடோத்கஜனே அவ்வளவும் சாப்ட்டுட்டான்" என்று முடித்துவைத்தாள்.

அடுத்த சனிக்கிழமைக்கு 'பக்த பிரகலாதா' என்று நான் சொல்லியிருக்கிறேன். அதிலும் ரங்காராவ்தான், இரணியனாக. பேரன் கேட்டது ஒரே கேள்வி, "அதுல லட்டு உண்டா ஆச்சி?" இல்லை என்றதும், மாயாபஜாரையே மறுபடி போடுங்கள் என்று சொல்லிவிட்டான்.