தன்மை ஒருமை

1998 பிப்ரவரி 14 அன்று கோவையில் குண்டுகள் வெடித்தன. 58 பேர் இறந்தார்கள். அந்த வாரம் கிணத்துக்கடவில் ஒரு பேக்கரியில் பேச்சு வந்தபோது, "நாலு சாத்துச் சாத்துனா உண்மை தன்னால வந்துருமுங்க" என்று சொன்னவன் நான்தான். எல்லோரும் தலையாட்டினார்கள்.

தேசப் பாதுகாப்பு ஒரு தட்டில், மனித உரிமை மறு தட்டில் என்று தராசு பிடிப்பவர்களும் இதே நம்பிக்கைக்காரர்கள்தாம். அடித்தால் வருவது உண்மை என்பதில் அவர்களுக்குச் சந்தேகமே இல்லை. எனக்கு அந்தச் சந்தேகத்தை உண்டாக்கியது ச. பாலமுருகனின் 'சோளகர் தொட்டி' (2004).

வீரப்பன் வேட்டையில் அதிரடிப்படையிடம் சிக்கிய சோளகர்களின் கதை. முற்பாதியில் ஆசிரியர் சடங்கு, விதைப்பு என்று தகவல் சேகரிப்பவராகி விடுகிறார், அலுப்புத்தான். பிற்பாதியில் மாதேஸ்வரன் மலை முகாம் வந்ததும் நாவல் வேறாகிறது. அங்கே கேள்வி என்று ஒன்று கிடையாது. 'அவன் எங்கே?' என்பது தெரியாதவர்களிடம், தெரியாது என்று தெரிந்தே கேட்கப்படுகிறது. மிகை என்று ஒதுக்க முடியாது. தேசிய மனித உரிமை ஆணையம் அமைத்த சதாசிவா குழுவிடம் மலைமக்கள் சாட்சியம் சொன்னார்கள்; 2007-ல் 89 பேருக்கு 2.80 கோடி ரூபாய் நிவாரணம் தரச் சொல்லிற்று ஆணையம். வீரப்பனை 2004-ல் காட்டிலிருந்து வெளியே கொண்டுவந்தது எந்தச் சோளகனின் வாக்குமூலமும் அல்ல, அவனுடன் பழகிய ஒற்றர்கள்.

வாக்குமூலம் என்பதே ஒரு விசித்திரமான இலக்கிய வடிவம். தடா சட்டத்தின் 15-ஆம் பிரிவு, போலீஸ் சூப்பிரண்டெண்ட் எழுதிக்கொள்வதைச் சாட்சியமாக ஏற்றது. 'நான்' என்று பேசும் பிரதி; எழுதும் கை இன்னொருவருடையது. ராஜீவ் கொலை வழக்கில் தடாக் குற்றம் நிரூபணமாகவில்லை என்று 1999-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிற்று. தடாவின்கீழ் எழுதிய வாக்குமூலங்கள் மட்டும் செல்லுபடியாயின. பேரறிவாளன் பேட்டரி வாங்கிக் கொடுத்தது அதில் பதிவாகியிருந்தது. எதற்கென்று தமக்குத் தெரியாது என்று அவர் சொன்னதைத் தாம் எழுதாமல் விட்டதாகப் பதிவு செய்த அதிகாரியே 2013-ல் ஒப்புக்கொண்டார். விடுபட்டது ஒரே வாக்கியம். 1991-ல் கைதானவர் 2022-ல் விடுதலையானார்.

பாலமுருகன் தம் நாவலைப் படர்க்கையில் எழுதியிருக்கிறார். மாதியே 'நான்' என்று பேசியிருந்தால் எவ்வளவு உக்கிரமாக இருந்திருக்கும் என்று முதல் வாசிப்பில் ஓரத்தில் பென்சிலால் குறித்து வைத்தேன். போன மாதம் அந்தக் குறிப்பை அழித்தேன். அவள் சார்பில் 'நான்' என்று எழுதக் கூசியிருக்கிறார் மனிதர்.